எலும்பில்லாத உடம்பில் தசை: வாசகர் கேள்வி பதில்

டர்பன் குடாவின் சேற்றுத் திட்டுகளில் வாழும் புழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, புழுவின் தசையைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் இந்த மாதப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகள் மெட்ரிக்கில் உயிரியல் படிக்கிறாள். மண்புழுவுக்கு வெளியே வட்டத்தசை, உள்ளே நீள்தசை என்று பாடத்தில் இருக்கிறது. கடல்புழுவுக்கும் அதேதானா? முட்டையிலிருந்து வளரும்போது எது முதலில் வரும்?
*சாட்ஸ்வொர்த் வாசகர்*

மண்புழுப் படத்தை அப்படியே கடல்புழுவுக்குப் பொருத்த வேண்டாம். பாலிகீட்டா வகைக் கடல்புழுக்களில் எங்கும் காணக்கூடியது நீள்தசைதான். முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு என நான்கு பட்டைகளாக அது உடல் நெடுக ஓடும். வட்டத்தசை இனத்துக்கு இனம் மாறும். சிலவற்றில் தடித்த உறை, சிலவற்றில் மெல்லிய இழைகள், பலவற்றில் அறவே கிடையாது. வட்டத்தசை இல்லாத புழுவே இல்லை என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இனம் இனமாகச் சாயமேற்றிப் பார்த்த பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? மணலைத் துளைக்கும் பிளட்வோர்மை (தூண்டில் இரையாகும் அரினிக்கோலா வகைப் புழு) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னுடம்பு நீர் நிரப்பிய பலூன். வட்டத்தசை இறுக்கினால் உடம்பு மெலிந்து நீண்டு மணலுக்குள் நுழையும். நீள்தசை சுருங்கினால் தடித்து நங்கூரமிடும். அதற்கு இரண்டும் வேண்டும். பாறையிடுக்கில், சிப்பிக் கூட்டத்தில் ஓடித் திரியும் நெரிஸ் வகைப் புழு அப்படி நகர்வதில்லை. ஒவ்வொரு வளையத்திலும் இருபுறமும் உள்ள பக்கக்கால்களை வீசி, உடம்பை நெளித்து ஓடுகிறது. அதற்குப் பக்கக்காலை இழுக்கும் சாய்தசைகளே முக்கியம், வட்டத்தசைக்கு வேலை குறைவு.

இனி முட்டைக்கு வருவோம். இந்த வளர்ச்சி மிக நுணுக்கமாகத் தெரிந்திருப்பது பிளாட்டினெரிஸ் டுமெரிலி என்னும் ஐரோப்பியக் கடற்கரைப் புழுவில். 1953 முதல் அதை ஆய்வகத்தில் வளர்த்து வருகிறார்கள். (தென்னாப்பிரிக்கக் கரையில் இதே பெயரால் குறித்து வந்த புழுக்கள் வேறு இனங்கள் என்று 2020-ல் மரபணு ஒப்பீடு காட்டியது. குறிப்பேட்டில் பெயர் எழுதும்போது மகள் இதைக் கவனிக்கட்டும்.) கீழே வரும் நேரங்கள் 18 டிகிரி செல்சியஸ் நீருக்கானவை. வெப்பம் கூடினால் வளர்ச்சியும் விரைவுபடும்.

முட்டை ஏறக்குறைய 160 மைக்ரோமீட்டர் குறுக்களவு. செல்கள் சுருள் வாக்கில் பிரிந்துகொண்டே போகும். அப்படிப் பிரியும்போது 4டி என்று குறிக்கப்படும் ஒரு செல் பிறக்கிறது. உடற்சுவர்த் தசைக்குப் பெரும்பாலும் அதுதான் மூலம். 1892-ல் எட்மண்ட் பீச்சர் வில்சன் நெரிஸ் முட்டையின் செல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வரைந்து இதை விளக்கினார். 4டி இடமும் வலமுமாக இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் மேலும் மேலும் செல்களைப் பெற்றுத்தள்ள, வயிற்றுப் பக்கத்தின் இருபுறமும் மீசோடெர்ம் என்னும் நடுப்படைப் பட்டை ஒவ்வொன்று உருவாகும். எல்லாத் தசையும் 4டி தந்தது என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். முன்பகுதித் தசைகளில் சில வேறு செல்களிலிருந்து வருகின்றன.

24 மணி நேரத்தில் ட்ரோக்கோஃபோர் என்னும் முதற்பருவ லார்வா நீந்தத் தொடங்கும். அப்போது அதை நகர்த்துவது தசையல்ல, இடுப்பைச் சுற்றியுள்ள நுண்மயிர் வளையம். தசை வளர அவகாசம் தருவதே இந்த மயிர்தான். இரண்டாம் நாள் முடியும் தறுவாயில் நீள்தசை இழைகள் தெரியும். முதுகிலும் வயிற்றிலும் மெல்லிய கோடுகளாகத் தொடங்கி, பக்கத்தில் புது இழைகள் சேரச் சேரப் பட்டையாகும். 72 மணி நேரத்தில் லார்வாவுக்கு முள் தாங்கிய மூன்று வளையங்களும் பக்கக்கால்களும் அவற்றுக்குரிய சாய்தசைகளும் வந்துவிடும். மூன்று நாள் லார்வா ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சீவல் சீவலாக எடுத்து, 2022-ல் அதன் தசைச் செல்களை எண்ணி வெளியிட்டார்கள். மொத்தம் 853. அந்தத் தசைகள் தோலோடு மட்டுமன்றி, பக்கக்காலுக்குள் இருக்கும் கைட்டின் கோலோடும் முள்ளை உருவாக்கும் செல்லோடும் நெருக்கமாகப் பிணைந்திருந்தன. புழுவுக்கு எலும்பே இல்லை என்போம். பக்கக்காலுக்குள் இருக்கும் அந்தக் கோல் ஏறக்குறைய எலும்பின் வேலையைத்தான் செய்கிறது.

தேர்வுக்கு ஒன்று: முதல் மூன்று வளையங்களும் ஒன்றாகவே உருவாகும். அதன்பின் வருபவை ஒவ்வொன்றாக, வால்நுனிக்குச் சற்று முன்னுள்ள வளர்ச்சி மண்டலத்தில் பிறக்கும். ஆகவே இளம்புழுவில் வாலுக்கு அருகே இருப்பது நேற்றைய வளையம், தலைப்பக்கம் போகப் போக மூத்தது. தசை முளைப்பதிலிருந்து முற்றுவது வரை எல்லாக் கட்டங்களையும் ஒரே புழுவின் பின்பாதியில் வரிசையாகப் பார்க்கலாம்.

இரைக்கு எடுத்த பிளட்வோர்ம் வாளியிலேயே தொளதொளவென்று ஆகிவிடுகிறது. தசை அழுகிவிடுகிறதா? தூண்டிலில் நிற்கவே மாட்டேன் என்கிறது.
*இசிப்பிங்கோ வாசகர்*

பெரும்பாலும் தசை கெடுவதில்லை ஐயா, உள்ளிருக்கும் நீர் போய்விடுகிறது. அந்த நீரின் அழுத்தத்தை வைத்துத்தான் தசை இழுக்கிறது. உடற்சுவரில் ஒரு துளை விழுந்தால் போதும், தசை உயிரோடிருந்தாலும் பிடிமானம் இல்லாமல் தொங்கும். பிளட்வோர்மின் உடலில் குறுக்குச் சுவர்கள் குறைவு என்பதால் ஒரே ஓட்டை உடம்பு முழுவதையும் தளர்த்திவிடும்.

இரண்டாவது காரணம் நன்னீர். வாளியில் ஐஸ் கட்டியை அப்படியே போடுகிறவர்கள் அதிகம். அது உருகியதும் உப்பு குறைகிறது, புழு நீரை உறிஞ்சி உப்பிப் பிறகு தளர்கிறது. ஐஸை மூடிய பாட்டிலில் அடைத்து வையுங்கள். ஆழமில்லாத தட்டில் சுத்தமான கடல்நீர் ஊற்றி, நிழலில் குளிர்ச்சியாக வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் நன்றாக நிற்கும். அறுந்த புழுவை உடனே பிரித்துவிடுங்கள். அதன் இரத்தம் கலந்த நீர் கெட்டு மற்றவற்றையும் கொல்லும். வாளி நிறைய மணலோடு திணிப்பதும் தவறு, அடியில் இருப்பவை மூச்சடைத்துப் போகும்.

அனுமதிச் சீட்டும் நாளொன்றுக்கான எண்ணிக்கை வரம்பும் உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கொள்வது ஒன்றே: மண்வெட்டியால் திட்டைப் புரட்ட வேண்டாம். சட்டமும் விடாது. கிடைப்பதைவிட நறுங்கிச் சாவதுதான் அதிகம்.

எங்கள் பள்ளியில் சாதாரண ஒளி நுண்ணோக்கிதான் உண்டு. அதில் புழுத்தசையைக் காட்ட வழியுண்டா?
*பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை*

உண்டு அம்மா, அதிகச் செலவும் இல்லை. தசையிழை தன் வழியே செல்லும் ஒளியை இரட்டை விலகலுக்கு உட்படுத்தும். ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் முனைவாக்கும் தாள் இரண்டு கிடைத்தால் இருட்டுப் பின்னணியில் தசை மட்டும் ஒளிர்வதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

புழுவுக்குப் படகடியையோ மிதவையையோ சுரண்டும் இடத்துக்குப் போங்கள். அங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். துறைமுகங்களில் பரவிய ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ் என்னும் அயலினம் அவற்றில் இருக்கும். கழித்துப்போடும் பொருள் என்பதால் பாறைக்கரைக்குச் சேதமில்லை. அந்தக் கொத்துகளுக்கிடையே 1 செ.மீ.க்கும் சிறிய ஓடும் புழுக்களும் ஒளிந்திருக்கும். தசை பார்க்க அவையே சிறந்தவை. 5 மி.மீ.க்கு உட்பட்ட, கண்ணாடி போன்ற குட்டியாகப் பொறுக்குங்கள். தடித்த புழுவில் ஒளி ஊடுருவாது.

முதலில் மயக்கம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராமை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இந்தக் கரைசலும் கடல்நீரும் சமபங்கு கலந்த கலவையில் புழுவை 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஊசிநுனியால் தொட்டால் சுருங்காத நிலை வர வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் கண்ணாடித் தகட்டின் அடியில் சுருண்டுவிடும், பட்டைகளைப் பிரித்தறிய முடியாது.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு அதே கலவை, அதில் புழு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி. மூடியின் மூலைகளில் கடுகளவு வாசலின் வைத்தால் புழு நசுங்காமல் தட்டையாகும். ஒரு முனைவாக்கித் தாளை விளக்கின் மேல் வையுங்கள், மற்றொன்றைப் புழுவுக்கு மேலே எங்காவது, கண்வில்லைக்கு மேலேகூட வைக்கலாம். மேல்தாளைச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். பார்வைப்புலம் முழுவதும் கருத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது தாள்களைத் தொடாமல் புழுவை மட்டும் மெல்லத் திருப்புங்கள். தாளின் திசைக்கு 45 பாகையில் புழு கிடக்கும்போது தசை பளிச்சென்று தெரியும். 0-விலும் 90-இலும் அணைந்துவிடும்.

சொதப்புவது எங்கே என்றால், முதலில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தட்டோ மூடியோ இருந்தால் அதுவே வானவில்லாக ஒளிர்ந்து எல்லாவற்றையும் மறைக்கும். முப்பரிமாணப் படம் பார்க்கும் திரையரங்குக் கண்ணாடியும் வேண்டாம், அதில் இருப்பது பெரும்பாலும் வட்ட முனைவாக்கம். பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த தாள் சரியாக வேலை செய்யும். மணல்துகளும் மின்னும், பக்கக்கால் முட்களும் மின்னும். முள் நேராக, கூர்மையாக, அசையாமல் இருக்கும். தசை பட்டையாக இருக்கும். மயக்கம் தெளியத் தெளிய அது சுருங்குவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பிறகு சந்தேகமே வராது.

ஆய்வகத்தில் புழு லார்வாக்களுக்கு ஃபாலாய்டின் ஏற்றினேன். தசை மங்கலாக, திட்டுத்திட்டாகத்தான் வருகிறது. சாயம் பழசா, அண்ணா?
*வெஸ்ட்வில் மாணவர்*

சாயத்தைக் குறைசொல்லும் முன் மெத்தனாலைத் தேடுங்கள் தம்பி. ஃபாலாய்டின் சாயம் பற்றிக்கொள்வது இழையாகக் கோத்த ஆக்டின் என்னும் தசைப் புரதத்தை. மெத்தனால் அந்த இழையின் வடிவத்தைக் குலைத்துவிடும், அதன்பின் எத்தனை சாயம் ஊற்றினாலும் பிடிக்காது. மாதிரியை மெத்தனாலில் சேமித்து வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கடையில் வாங்கிய ஃபார்மலின் கரைசலிலும் அது கெடாமலிருக்க மெத்தனால் சேர்த்திருப்பார்கள். அதனால் பாராஃபார்மால்டிஹைடைப் புதிதாகக் கரையுங்கள், அல்லது மெத்தனால் இல்லாத ஆம்பூலை வாங்குங்கள். சாயப் பொடியை மெத்தனாலில் கரைத்து வைப்பது வழக்கம்தான். 100-க்கு 1 என்று நீர்க்கும்போது அந்தச் சிறு அளவு கெடுதல் செய்யாது.

வரிசை இதுதான்: மேலே சொன்ன மெக்னீசிய மயக்கம், திசுவை நிலைப்படுத்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் அறை வெப்பத்தில் 1 முதல் 2 மணி நேரம், சாயம் உள்ளே போக வழிவிடும் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்னும் சோப்பு 0.1 சதவீதம் சேர்த்த பிபிஎஸ்-இல் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 10 நிமிடம் வீதம் மூன்று கழுவல். பிறகு சாயம், 4 டிகிரியில் இரவு முழுவதும், இருட்டில். மறுபடி மூன்று கழுவல். கிளிசரால் சார்ந்த ஊடகத்தில் ஏற்றல். சில நாட்களுக்குள் படமெடுத்துவிடுங்கள், பிறகு மங்கும். திட்டுத்திட்டாக வருவதற்குச் சாயம் உள்ளே போகாததும் காரணமாகலாம். வயதான லார்வாவின் மேலுறை தடித்தது. ட்ரைட்டானை 0.5 சதவீதமாக்கிப் பாருங்கள். மயக்காமல் நிலைப்படுத்தியிருந்தால் சுருங்கிய தசை குட்டையாக, கட்டியாகத்தான் தெரியும்.

பாசி தின்ற லார்வாவின் குடல் சிவப்பில் தானே ஒளிரும். ஒரு நாள் பட்டினி போட்டுப் பச்சை ஒளிர்சாயத்தைப் பயன்படுத்துங்கள். ஃபாலாய்டின் கொடிய அமானிடா காளானின் நஞ்சு, கையுறை கட்டாயம்.

இன்னொன்று, முடிவு எழுதும்போது உதவும். ஃபாலாய்டின் காட்டுவது இழை கோத்துவிட்ட தசையை மட்டுமே. தசையாவது என்று தீர்மானித்துவிட்டு இன்னும் இழை கோக்காத செல் அதில் தெரியாது. "24 மணி நேரத்தில் தசைச் செல் இல்லை" என்று எழுதினால் அது தவறாகிவிடும். ட்விஸ்ட், மையோடி, ட்ரோப்போனின் போன்ற மரபணுக்களின் வெளிப்பாட்டைச் சாயமேற்றிப் பார்த்தால்தான் அந்த முன்கட்டம் தெரியும். குடலைச் சுற்றிய தசையையும் உடற்சுவர்த் தசையோடு சேர்த்துவிடாதீர்கள். பிளாட்டினெரிஸில் குடல்தசை வரியற்றது, அதை இயக்கும் மரபணுக் கூட்டமும் வேறு. 2016-ல் வெளிவந்த ஆய்வின்படி அது நம் குடல்தசையின் மரபணுக் கூட்டத்தை வெகுவாக ஒத்திருக்கிறது.

புழுவின் தசையும் நம் தசையும் ஒன்றா? ஓடி ஓடி அதற்கும் சதை ஏறுமா?
*ஃபீனிக்ஸ் வாசகி*

ஆக்டின், மையோசின் என்னும் தசைப் புரதங்கள் இரண்டிலும் ஒன்றேதான். அடுக்கு வேறு. நம் கைகால் தசையில் வரிகள் இழைக்குக் குறுக்காக நேராக இருக்கும். புழுவின் உடற்சுவரில் பெரும்பாலும் சரிவாக ஓடும். இதனால் இழை மிக நீளவும் மிகச் சுருங்கவும் முடிகிறது, எலும்பு பிடித்து நிறுத்தாத உடம்புக்கு அது தேவை. நம் தசையிழை பல செல்கள் ஒன்றிப் பல உட்கருக்களோடு இருப்பது. புழுவின் தசைச் செல்லுக்கு வழக்கமாக ஒரே உட்கரு. புழு பெரிதாகும்போது புதுப்புது இழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. தீனியும் வெப்பமும் வளர்ச்சியை நிர்ணயிக்கும்.

இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்கிறார்களே?
*டோங்காட் வாசகர்*

நெரிஸ் வகையில் ஆகாது. முன்பாதி வாலை வளர்த்துக்கொள்ளும், பின்பாதி தலையை வளர்க்காமல் இறந்துபோகும். தலையையும் வளர்க்கும் குடும்பங்கள் வேறு உண்டு.

பிளாட்டினெரிஸில் வெட்டுக்காயம் ஒரு நாளில் மூடும். இரண்டு மூன்று நாளில் அங்கே பிரியும் செல்கள் குவிந்து மொட்டாகும். முதலில் உருவாவது வால்நுனி, அதோடு ஆசனவாயைச் சுற்றிய தசை. அதற்கு முன்னால் வளர்ச்சி மண்டலம் மீண்டும் அமைந்து, ஐந்து நாளளவில் புது வளையங்கள் தெரியத் தொடங்கும். புதுத் தசை பிறப்பது காயத்துக்கு அருகே இருந்த நடுப்படைத் திசுவின் செல்களிலிருந்து; தோல் செல் தோலையே தருகிறது. இனப்பெருக்கப் பருவம் நெருங்கிவிட்ட புழு இதைச் செய்யாது.

ஐரோப்பிய அரினிக்கோலாவில் வேறு வழி. மீன் கடித்து வாலிழந்தால் அது புது வளையம் போடுவதில்லை, எஞ்சிய வளையங்களை நீட்டிக்கொள்கிறது.

ரிச்சர்ட்ஸ் பே படகுத்துறையில் இரவு விளக்கடியில் சிறு புழுக்கள் வட்டமிட்டு வேகமாக நீந்துகின்றன. ஊரும் புழு நீந்துமா?
*எம்பங்கேனி வாசகர்*

அது நெரிஸ் வகைப் புழுவின் கடைசிப் பருவமாக இருக்க வாய்ப்பு அதிகம். நிலாக் கணக்கை ஒட்டி முதிரும் இந்தப் புழுக்கள் தின்பதை நிறுத்திவிடும், குடல் சுருங்கிவிடும். ஊர்வதற்கென்றிருந்த தசையின் இழைகள் ஓரளவு சிதைந்து, மைட்டோகாண்ட்ரியாவும் கிளைகோஜனும் நிறைந்த நீச்சல் தசையாக மறுபடி கட்டப்படும். பக்கக்கால் துடுப்பாக விரியும், கண் பெரிதாகும். ஒரே உயிரி தன் தசையை இரண்டாம் முறை கட்டிக்கொள்கிறது. புழுக்களின் தசை வளர்ச்சியில் எங்களுக்கு மிகவும் வியப்பான பகுதி இதுவே.

பிளாட்டினெரிஸில் பெண் மஞ்சள், ஆண் முன்புறம் வெள்ளையும் பின்புறம் சிவப்புமாக இருக்கும். முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஆசையிருந்தால் சிறு வலையால் கோரி, ஆணையும் பெண்ணையும் உடனே தனித்தனிக் குவளையில் விடுங்கள். சேர்ந்திருந்தால் வீடு வருமுன்னே எல்லாம் முடிந்துவிடும். வீட்டில் 200 மில்லி சுத்தமான கடல்நீரில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்தால் சுற்றிச் சுற்றி நீந்தி முட்டையும் விந்தும் விடும். கருவுற்ற முட்டைகள் பசைபோன்ற உறையை வெளிவிடும். முட்டையைவிடச் சிறிய கண்ணுள்ள வலைத்துணியில் இட்டுக் கடல்நீரால் மெதுவாகக் கழுவி, புது நீருக்கு மாற்றுங்கள். தாய் தந்தைப் புழுக்களை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். முட்டையிட்ட சிறிது நேரத்தில் அவை இறந்து நீரைக் கெடுத்துவிடும்.